மண்வெட்டியும் முட்டைத்தின்னியும்

பிரிட்டோரியா
நவம்பர் 9

அன்புள்ள முரளி,

ஏழு மாதமாக உனக்கு எழுதவில்லை. திட்டி முடித்துவிட்டாய் என்றால் மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக மணி சொன்னான், சந்தோஷம்.

போன ஞாயிறு ஒரு பாம்பை அடித்துக் கொன்றுவிட்டேன். சிரிக்காதே. ஹாஸ்டல் குளியலறைக் கதையையும் இழுக்காதே, அன்று முதலில் ஓடியது நீதான்.

கார் ஷெட் ஓரத்தில் கிடந்தது. முக்கால் மீட்டர்கூட இராது. பழுப்பு உடம்பில் வரிசையாகக் கருந்திட்டுகள். என்னைப் பார்த்ததும் உடம்பை மடித்து மடித்து உரசியது பார், சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம். அப்படியே நம்மூர்ச் சுருட்டை விரியன்! வாயைப் பிளந்தது, உள்ளே மை போலக் கறுப்பு. என் கையில் மண்வெட்டி இருந்தது.

அப்புறம் பாம்பு பிடிக்கிறவர் வந்து செத்ததன் வாயைக் குச்சியால் திறந்து காட்டினார். பல் என்று சொல்ல ஒன்றுமில்லை. விஷமும் கிடையாது. முட்டைத்தின்னியாம். பறவை முட்டையைத் தவிர வேறெதையும் தொடாதாம். தலையைவிடப் பல மடங்கு பெரிய முட்டையை முழுசாக விழுங்கும். முதுகெலும்பிலிருந்து தொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் ஓட்டைக் கீறி உடைக்கும். சாறு உள்ளே போகும், ஓடு கசங்கி வெளியே வரும். முட்டை அழுகியிருந்தால் நாக்கை நீட்டியே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுமாம். நம் மெஸ்காரருக்கு அந்த நாக்கு வாய்த்திருக்கக் கூடாதா?

பறவைகள் கூடு கட்டாத மாதங்களில் பட்டினிதான். எதிர்த்துக் கடிக்க வழியில்லாததால் இங்குள்ள நைட் ஆடர் என்ற விரியனின் வேஷம் போட்டுக்கொள்கிறது. கண்மணி நெட்டுக்குத்தாக இருந்தால் விஷப்பாம்பு என்று ஊரெல்லாம் பாடம் எடுப்பாயே, முரளி வாத்தியாரே, இதற்கு நெட்டுக்குத்து, அந்த விரியனுக்கு வட்டம்! உன் சித்தாந்தம் இங்கே தலைகீழ்.

விளையாட்டு இருக்கட்டும். எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. பருந்தையும் கீரியையும் ஏமாற்ற அது கற்ற நாடகத்தை என் முன்னால் இன்னும் கொஞ்சம் மோசமாக நடித்திருந்தால் பிழைத்திருக்கும்.

நேற்று வாசல் மரத்தடியில் ஒரு முட்டை ஓடு கிடந்தது. உடைந்து சிதறவில்லை, படகு போல நீளவாக்கில் மடிந்திருந்தது. மேலே தூக்கணாங்குருவியின் ஆப்பிரிக்கப் பங்காளிகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. இன்னொன்று இருக்கிறது போல. ஜெயா மண்வெட்டியை எங்கேயோ ஒளித்துவிட்டாள், கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

உங்கள் கிணற்றடிச் சாரை இன்னும் இருக்கிறதா? எழுது.

உன்,
கணேசன்