விசில் இன்னும் வைத்திருக்கிறாயா?

டேய் கேப்டன்,

மூன்று கடிதத்துக்குப் பதில் போடாதவன் எந்த முகத்தோடு எழுதுகிறான் என்று கேட்பாய். கேள். வீட்டில் எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அவ்வளவுதான் ஷேமம், விஷயத்துக்கு வருகிறேன்.

என்னை ஒரு கமிட்டியில் போட்டுவிட்டார்கள். சிரிக்காதே. இளைஞர் போதைத் தடுப்புக் குழு. ரிட்டயர் ஆனவன், சும்மா இருக்கிறான், மைக் இல்லாமலே கத்துவான். இதுதான் என் தகுதி. ஜூன் 26, போதை ஒழிப்பு தினத்தன்று பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார்கள். கருகிய நுரையீரல், வீங்கிய கல்லீரல், ஊசித் தழும்பு என்று திரையில் படம் படமாகக் காட்டி முக்கால் மணி நேரம் முழங்கினேன். முன்வரிசை டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பயல் எழுந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: "சார், இதுல எது சீக்கிரம் ஏறும்?"

அரங்கமே சிரித்தது. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ராத்திரி ஒல்லியின் மகளுக்குப் போன் போட்டேன். அவள் இந்தத் துறையில்தானே இருக்கிறாள், ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "மாமா, செய்யக்கூடாததை எல்லாம் ஒரே நாள்ல செஞ்சு முடிச்சிட்டீங்க" என்றாள். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் தடுப்புப் பணிக்கென்றே 2013இல் தரநிலைகள் வெளியிட்டு, 2018இல் திருத்தியும் வெளியிட்டிருக்கிறது. வெறும் சொற்பொழிவு, பயமுறுத்தல், 'நானும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவன்' என்று ஒருவரை மேடையேற்றுவது, மூன்றுமே அதில் பலன் தராதவற்றோடு சேர்ந்துவிடுகின்றன. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் ஏற்பாடு செய்திருந்ததே குடியிலிருந்து மீண்ட ஒருவரைத்தான். தங்கமான மனிதர். புதுச் சட்டைகூட எடுத்துவிட்டார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இதுவரை தெரியவில்லை.

அப்புறம் படிக்க உட்கார்ந்தேன். பிடித்தால் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியாததா? ஐஸ்லாந்தில் 1998இல் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், அதற்கு முந்தைய ஒரே மாதத்தில் தலைக்கேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3. பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ததைவிட, அவர்களைச் சுற்றி இருந்ததை மாற்றியதுதான் அதிகம். விளையாட்டுக்கும் இசைக்கும் குடும்பங்களுக்கு உதவித்தொகை. வார இறுதி இரவுகளில் பெற்றோர்கள் கூட்டாகத் தெருவில் நடந்து வருவார்கள். குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் இரவு பத்துக்கு மேல் தனியாக வெளியே திரியக்கூடாது என்று சட்டமே உண்டு. "போலீஸ் ராஜ்ஜியம்!" என்று நீ குதிப்பது இங்கே கேட்கிறது. எனக்கும் அது இடிக்கத்தான் செய்கிறது. நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு, அங்கே நடந்ததெல்லாம் எங்கும் நடந்துவிடுமா என்ன? ஆனால் ஒரு வேலை பிடித்துப்போயிற்று. பிள்ளைகளிடமே, பேர் எழுதாத தாளில், திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: யாரோடு பொழுது போகிறது, சாயங்காலம் நீ இருக்கும் இடம் வீட்டுக்குத் தெரியுமா.

நாங்களும் கேட்டோம். தாள்களைப் பிரித்தபோது கஞ்சாவைவிட அதிகம் கண்ணில் பட்டது ஒரு வார்த்தை: 'தனியா'. பள்ளி விட்டதிலிருந்து வீட்டுக்குப் பெரியவர்கள் வருகிறவரை, தனியா.

கமிட்டிக்கு இது உறைக்கவில்லை. ஊர்வலம், பேனர், போட்டோ, அதோடு வருஷக் கடமை முடிந்தது அவர்களுக்கு. சண்டை போட்டுச் சாயங்கால நேரத்துக்கு ஒரு மைதானத்தைத் திறக்க வைத்தேன். முதல் நாள் நாலு பேர். அதில் ஒருவன் தூங்க வந்தவன்.

கேப்டன், ஒல்லியின் தம்பியை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கண் சிவந்து அவன் வந்து நிற்கும்போது "என்னடா, விடிய விடியப் படிப்பா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தவன் நான். ஒருத்தன் கெட்டால் டீமே கெடும் என்று அவனை நிறுத்தியவன் நீ. எல்லோரும் தலையாட்டினோம். அவனுக்கு சாயங்காலம் போக இருந்தது அந்த மைதானம் ஒன்றுதான். குத்திக்காட்டவில்லைடா, நமக்கு அப்போது பத்தொன்பது வயது, என்ன தெரியும்? ஆனால் ஒல்லியின் மகள் இந்த வேலைக்கு ஏன் போனாள் என்று நாம் ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

கேள்வி கேட்ட பயல் போன வாரம் வந்தான். உள்ளே வரவில்லை. கேட்டில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "வாலிபால் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாளே நெட் கட்டியாயிற்று. எனக்கு முழங்கால் இப்படி. உன் விசில் இன்னும் இருக்கிறதா? ஒரு மாதம் தங்குகிற மாதிரி வா. நீ வருவதாகக் கமிட்டியில் சொல்லியும் விட்டேன், உன்னைக் கேட்காமலே.

அவன் லேட்டாகத்தான் வருவான். அதற்காக விரட்டிவிடாதே.

உன்,
மொட்டை