நாய் லட்டுவுக்குச் சீஸ் கொடுப்பது பற்றி

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அமராவதியில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மற்ற சேதியெல்லாம் அம்மா போனில் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ரொட்டிக்குள் இருந்த சீஸை உருவி லட்டுவுக்குக் கொடுத்தாய். பேசிக்கொண்டே இன்னொரு துண்டும் கொடுத்தாய். ரொட்டி தட்டிலேயே கிடந்தது. அம்மாவும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன் என்றேன்.

சீஸ் நாய்க்கு விஷம் இல்லை. பயப்படாதே. பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குக்கூட நன்றாக முதிர்ந்த கௌடா சீஸ் வயிற்றைக் கெடுப்பது அபூர்வம். முதிர முதிர அதில் உள்ள பால் சர்க்கரையை நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடும். நம் கருப்பன் மோர்ச்சோற்றிலேயே வளர்ந்தானே, அவனுக்கு ஒரு நாளும் பேதி ஆனதில்லை. மோரிலும் இதே கணக்குதான்.

என் கவலை கொழுப்பும் உப்பும். கவரில் 48+ என்று போட்டிருப்பார்கள். ஈரத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் 48 சதவீதம் கொழுப்பு என்று அர்த்தம். 20 கிராம் துண்டு ஒன்றில் 70 கலோரி வந்துவிடும். லட்டு மாதிரி 7 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு மொத்தமாகவே 400, 450 கலோரிதான் தேவை. அதில் தீனியாகக் கொடுப்பது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் உன் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சீஸ், அவ்வளவுதான். 20+ அல்லது 30+ வாங்கினால் இன்னும் நல்லது.

அதிலும் லட்டு மினியேச்சர் ஷ்னாவுசர் இனம். அந்த இனத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறுவதும் கணையம் வீங்குவதும் மற்ற நாய்களைவிட அதிகம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். என் சர்வீஸில் பார்த்தது பெரும்பாலும் காங்கேயம் மாடும் செம்மறியும்தான் என்றாலும், கணையம் கெட்ட நாயை ஒருமுறை பார்த்தால் மறக்காது. வாந்தி எடுக்கும், சோற்றைத் திரும்பிப் பார்க்காது. முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிற்கும். வலி அப்படி. லட்டு அப்படி நின்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே, ராத்திரியே கூட்டிப் போ.

நீலப் பூஞ்சை ஓடுகிற சீஸை வீட்டுக்குள்ளேயே வைக்காதே. அந்தப் பூஞ்சை ரோக்போர்ட்டின் என்று ஒன்றை உண்டாக்கும். நாய் நிறையத் தின்றுவிட்டால் வாந்தி, நடுக்கம், வலிப்பு வரை போகும். பூண்டும் வெங்காயத்தாளும் கலந்த சீஸும் வேண்டாம். பூண்டு, வெங்காய வகை எல்லாமே நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். சீரகம் போட்ட கௌடா பரவாயில்லை.

மாத்திரையைச் சீஸில் பொதிந்து கொடுப்பதாக மாப்பிள்ளை முன்பு சொன்னார். டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து என்றால் அப்படிக் கொடுக்கக்கூடாது. சீஸில் உள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சரியாகச் சேராது. அவரிடம் சொல்லிவிடு. லட்டுவுக்குச் சாப்பாடு வைப்பது எப்போதும் அவர்தானே. இப்போது நீயே வைக்கிறாய் போல. வேலை அதிகமாக இருக்கும் அவருக்கு.

அளவு முக்கியம் கண்ணு. கட்டைவிரல் நுனி அளவு. உன் தட்டில் இருப்பதை அதற்குப் போடாதே. அது உன் சாப்பாடு.

நீ டாக்டர் பட்டம் வாங்கிய படத்தை அம்மா இன்னும் கூடத்தில்தான் வைத்திருக்கிறாள். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனால் இப்போதும் "சார், பொண்ணு எப்படி இருக்குது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மாதமாக நான் என்ன கேட்டாலும் "ம்", "பார்க்கலாம்ப்பா" என்கிறாய். கேமராவைத் திருப்பி லட்டுவைக் காட்டிவிடுகிறாய். லட்டுவைப் பார்க்க எனக்கும் ஆசைதான். உன் முகத்தையும் பார்க்க வேண்டாமா? கழுத்தெலும்பு தெரிகிறது. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை.

உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா அந்த வருஷம் சாமான்களோடு வந்து இறங்கியபோது அப்புச்சி ஒரு வார்த்தை கேட்டாரா? இலை போட்டுச் சாப்பிடச் சொன்னார், அவ்வளவுதான். அந்த வீட்டு மாப்பிள்ளை நான்.

நாய்க்குத் தீனி வேண்டும் என்றால் கேரட்டை வேகவைத்துக் கொடு. உப்பில்லாத கோழிக்கறி, தோல் எடுத்துவிட்டுக் கொடு. அதோடு உட்கார்ந்து நீயும் சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே, சின்னதிலிருந்து அந்தப் பழக்கம்.

இன்னொன்று. அங்கிருந்து நாயைக் கூட்டி வர என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மைக்ரோசிப் எண் வேண்டும். ரேபிஸ் ஊசி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். அங்குள்ள அரசு கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும். சென்னையில் இருக்கிற விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சென்னை வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், கூடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையத்துக்கும் நானே வண்டியோடு வருவேன். பின்கட்டில் கருப்பன் இருந்த இடத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. மத்தியான வெயில் அங்கே விழாது.

லட்டுவின் நீல பாஸ்போர்ட்டில் ரேபிஸ் ஊசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா