அந்தப் பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டது? வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

வன்னியில் படிக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகளின் நலனுக்குப் பொறுப்பாக இருக்கிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். மாணவ ஆலோசகர்கள், விடுதி மேற்பார்வையாளர்கள், கன்ரீனை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிறவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் முப்பது வருசம் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். ஊரில் மிட்வைஃப் அம்மா என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். இப்போது பென்சன். இரண்டு அறைகளைக் கம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் அவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், எதைத் தின்கிறார்கள், எதைத் தின்னாமல் விடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் வேலையில் இருந்தபோது ஒரு குழந்தையின் நிறைக்கோடு பதிவேட்டில் கொஞ்சம் சறுக்கினாலே வீடு தேடிப் போவோம். ஏன் சறுக்கியது, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், தாய் சாப்பிடுகிறாளா என்று பானையைத் திறந்து பார்க்காத குறைதான். திரிபோஷ என்ற சத்துமா கொடுப்போம், அடுத்த கிளினிக்குக்கு வரச்சொல்லி நிறுத்துப் பார்ப்போம். பிறகு ஆரம்ப வகுப்பில் பள்ளிக்கூடச் சாப்பாடு. அதே பிள்ளை இருபது வயதில், வீட்டை விட்டு நூறு மைல் தள்ளி வந்து, வாழ்நாளிலேயே கடுமையான பரீட்சைகளை எழுதும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு உத்தியோகத்தரும் இல்லை.

போன மாரியில் நடந்ததைச் சொல்கிறேன். என் வீட்டில் இருந்த இரண்டாம் வருடப் பிள்ளை ஒன்று. வந்த புதிதில் வாய் ஓயாது. கார்த்திகை அளவில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கத் தொடங்கியது. லெக்சருக்கும் ஒழுங்காகப் போவதில்லை. ஒருநாள் கிணற்றடியில் வாளி கழன்று உள்ளே விழுந்துவிட்டது. அதற்கு அந்தப் பிள்ளை குந்தியிருந்து அழுத அழுகையைப் பார்த்து நான் பயந்துபோனேன். பாதாளக்கரண்டி போட்டால் ஐந்து நிமிடத்தில் வாளி வந்துவிடும். அழுகை வாளிக்காக இல்லை என்று விளங்கியது.

"பிள்ளை, நேற்று என்ன சாப்பிட்டனீ?"

"ரோல்ஸ், அன்ரி."

"முந்தநாள்?"

யோசித்து யோசித்துப் பார்த்தது. அதற்கு ஞாபகம் வரவில்லை. அறைக் குப்பை வாளிக்குள் பிஸ்கற் பேப்பரும் நூடில்ஸ் பக்கற்றும்தான். பழக்கதோசத்தில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மீன் செவுள் மாதிரிச் சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. அந்த வயதுப் பெண்பிள்ளைக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

புட்டும் மீன் குழம்பும் கொடுத்தேன், பிள்ளை சிரித்துவிட்டது என்று கதை அளக்க நான் வரவில்லை. இரும்புச்சத்துக் குளிசையும் எடுத்தது, மனநல கிளினிக்குக்கும் போனது, என் அடுப்படியிலும் இருந்து சாப்பிட்டது. மூன்று மாதம் சென்றது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த பட்டம் "சோம்பேறி" என்பதுதான்.

சாப்பாட்டுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு பாட்டிமார் கதை என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் ஆராய்ச்சியும் சொல்கிறேன். 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 திடகாத்திரமான இளைஞர்களைத் தெரிவுசெய்து, ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். அவர்கள் மெலிந்தது பெரிய புதினம் இல்லை. எரிந்து விழுந்தார்கள், கூட்டாளிமாரோடு பேச்சைக் குறைத்தார்கள், மனம் ஒடிந்தார்கள், எந்த நேரமும் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு சமையல் புத்தகம் வாசித்தார்கள். ஆய்வுக்குச் சேரும்போது மனநலத்தில் ஒரு குறையும் இல்லாதவர்கள் அவர்கள். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஆட்களுக்கு மினசோட்டா தேவையில்லை. போரின் கடைசி மாதங்களான 2009 இன் முதல் ஐந்து மாதத்தை இங்கே கடந்த எந்தத் தாயைக் கேட்டாலும், பசி ஒரு குழந்தையின் முகத்தில் முதலில் எதை அணைக்கும் என்று சொல்லுவா. இன்றைக்குக் கம்பஸில் இருக்கிற சில பிள்ளைகள் அந்தக் கஞ்சி வரிசையில் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்.

பிற்காலத்து ஆய்வுகளும் உண்டு. அவுஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017 இல் வெளியிட்டதில், மனச்சோர்வு நோய் உள்ள 67 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரம் நல்ல உணவுக்கு வழிகாட்டினார்கள், மறு பாதியோடு ஆட்கள் நட்பாகப் பேசிப் பழகினார்கள். முடிவில் உணவுக் குழுவில் மூன்றில் ஒருவர் அளவுக்கு நோய் அடங்கிய நிலைக்கு வந்தார்கள், மற்றதில் நூற்றுக்கு எட்டுப் பேர். 2019 இல் சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 17 முதல் 35 வயது வரையான 76 பேரை வைத்து மூன்றே வாரம் செய்த ஆய்விலும் சாப்பாட்டைத் திருத்தியவர்களின் மனச்சோர்வு குறைந்தது. இவை சின்ன ஆய்வுகள். தாங்கள் எந்தக் குழு என்று பங்குபற்றியவர்களுக்கே தெரியும், ஆகவே அதிகம் துள்ளக்கூடாது. அதே 2019 இல் ஐரோப்பாவில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்துச் சத்துக் குளிசையைச் சோதித்துப் பார்த்தார்கள், மனச்சோர்வு வராமல் அது தடுக்கவில்லை. ஆகவே விற்றமின் போத்தல் வாங்கிப் பங்கிடுகிற யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் போனில் ஒன்று காட்டினார்கள்: மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற இரசாயனத்தில் தொண்ணூறு வீதம் குடலில்தான் உண்டாகிறதாம், வாழைப்பழம் தின்றால் சந்தோசமாம். முதல் பாதி சரி. ஆனால் குடலில் உண்டாகிற செரோடோனின் மூளைக்குள் போகாது. அப்படி ஒரு பழத்தில் தீர்கிற விசயமாக இருந்தால் நான் ஏன் உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன்? உடம்பு நிறையில் இரண்டு வீதம்தான் மூளை, செலவழிக்கிறதோ சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு மணி லெக்சருக்கு வெறும் பிளேன்ரீயோடு போகிற பிள்ளைக்கு அந்தச் செலவுக்கு எங்கிருந்து வரும்?

இன்னொன்றும் உண்டு. சாப்பிடாததால் மனம் சோரும், மனம் சோர்ந்தவனுக்குச் சாப்பாடு இறங்காது. எது முதல் என்று வழக்காடிக்கொண்டிருக்க நேரமில்லை, எந்தப் பக்கத்தால் முடியுமோ அந்தப் பக்கத்தால் அவிழ்க்க வேண்டியதுதான்.

காசுக் கதைக்கு வருகிறேன். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாய் ஆனது. நல்லது. அந்தக் காசை முப்பதால் பிரித்தால் ஒரு நாளைக்கு 250 ரூபாய். வெளியில் ஒரு சோற்றுப் பார்சலோடு அந்த நாளின் கணக்கு முடிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவு விலைவாசி முந்தின வருடத்தைவிட 94.9 வீதம் ஏறி நின்றது. அன்றைக்கு இரண்டு நேரமாகக் குறைத்த பல வீடுகள் மூன்றாம் நேரத்துக்குத் திரும்பவே இல்லை. அந்த வீடுகளிலிருந்து வருகிற பெடியன்கள் சிலர் மகாபொலக் காசிலும் மிச்சம்பிடித்துத் தாய்க்கு அனுப்புகிறார்கள். அவர்கள் இதை ஆலோசகரிடம் சொல்லமாட்டார்கள். என்னிடம் சொன்னதும் ஒரு தடவைதான், அதுவும் இருட்டில்.

அப்புறம், பயம். முதல் வருடப் பிள்ளைகள் சீனியர்மாருக்குப் பயந்து கன்ரீன் பக்கமே போகாமல் இருப்பது எந்தக் கம்பஸில் இல்லை? பகிடிவதைக்கு (ராகிங்) எதிரான சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது. ஆனால் பகல் பன்னிரண்டரைக்கு ஒரு பிள்ளை பசியோடு மரத்தடியில் நிற்பதைச் சட்டம் பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

நான் கேட்பவை பெரிய செலவு இல்லை. கன்ரீனைக் காலை ஆறரைக்குத் திறக்கச் சொல்லுங்கள், பரீட்சைக் காலத்தில் இரவு ஒன்பது வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் விலையை மட்டும் எழுதாமல், தட்டில் என்ன இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள்: ஒரு முட்டை, அல்லது கடலை, அல்லது நெத்தலி, கட்டாயம் ஒரு இலை வறை. ஆராய்ச்சிக்காரர் சொல்கிற ஒலிவ் எண்ணெய்க்கு நாங்கள் எங்கே போவது? ஆனால் கச்சானும் பயறும் உளுந்தும் இங்கேயே விளைகிறது, வவுனிக்குளத்திலும் இரணைமடுவிலும் மீன் பிடிபடுகிறது, முருங்கை வேலிக்கு வேலி நிற்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் பாணும் சீனிச் சம்பலும் தின்கிறார்கள் என்றால் வெட்கம் எங்களுக்கும்தான். பிளேன்ரீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்காமல் ஒரு மணித்தியாலம் பிந்திக் கொடுங்கள், தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. விடுதியில் ஒளித்து வைத்திருக்கிற ரைஸ்குக்கரைப் பறிப்பதற்குப் பதிலாக, பாதுகாப்பாக ஒரு முட்டை அவிக்க ஒரு மேசையும் ஒழுங்கான பிளக்கும் கொடுத்தால் என்ன?

ஆலோசகர்மாருக்குத் தனியாக ஒன்று. பிள்ளை வந்து இருந்ததும் "என்ன பிரச்சினை?" என்று தொடங்காதீர்கள். "நேற்று என்ன சாப்பிட்டீர்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒருவருக்கும் வெட்கம் வராது, பதிலுக்குள் பாதிக் கதை வந்துவிடும். மிச்சத்துக்கு நீங்களும் வைத்தியரும் இருக்கிறீர்கள், இரவில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது. அதை விடுதிச் சுவரில் எழுதிப்போடுங்கள். மனநலத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்ததாம், இடைவேளையில் கேக்கும் சோடாவும் கொடுத்தார்களாம் என்று என் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த செமஸ்டர் தொடங்குகிற கிழமையில், உங்களில் யாராவது ஒருவர் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக் கேற்றடிக்கு வாருங்கள். பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வருகிற நேரம் அது. நான் புட்டு அவித்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
வன்னி.