கல்லூரி அரங்கங்களும் கையெழுத்துப் போடாத ஜாமீன்தாரரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பிரம்மாண்டமான விளையாட்டரங்கங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஐம்பதாயிரம் பேர், ஒரு லட்சம் பேர் அமரக்கூடிய அரங்கங்களை அங்குள்ள கல்லூரிகள் அரசிடம் கையேந்தாமல், பழைய மாணவர்களின் நன்கொடையைக் கொண்டே எழுப்பிவிடுகின்றன என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதில் பாதிதான் உண்மை; மறுபாதியைச் சொல்லவே இக்கடிதம். நான் ஒரு பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகன் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தான். இந்த இரண்டைத் தவிர இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி இல்லை. அந்த அரங்கங்களில் ஆடப்படும் ஃபுட்பாலின் விதிகள் இன்றுவரை எனக்குப் புரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் விழும் ஆட்டம் அது.

மகனோடு இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, பழக்கதோஷத்தால் அவனுடைய கட்டண ரசீதை வாங்கிப் பார்த்தேன். படிப்புக் கட்டணம், நூலகம், மருத்துவக் காப்பீடு, பேருந்து என்று இறங்கிக்கொண்டே வந்த பட்டியலில் கீழிருந்து நான்காவது வரியில் விளையாட்டுத் துறைக் கட்டணம் என்று ஒன்று இருந்தது. 'அது எல்லாருக்கும் உண்டுப்பா, விடுங்க' என்றான். அவன் ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவனில்லை; ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடம் காலியாக இருக்கும் என்று அங்கே போய்விடுவான். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளுக்கு முந்தைய இரவு, மாதக் கட்டணம் செலுத்தி அவன் வண்டி நிறுத்தும் இடத்தை அவன் காலி செய்தாக வேண்டும். மறுநாள் காலை அதே இடத்தில் நன்கொடையாளர் ஒருவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தொகை பெரிதில்லை என்றுதான் மகன் சொன்னான். ஆனால் அவனுடைய படிப்புக்குக் கும்பகோணத்தில் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தேன். அந்தக் கடனில் ஒரு துளி, ஏதோ ஒரு அரங்கத்தின் பராமரிப்புக்கோ வட்டிக்கோ போய்ச் சேருகிறது என்பதை ஒரு வங்கிக்காரனால் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியவில்லை.

நன்கொடை உண்மையாகவே வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அரங்கம் 1903-இல் எழுந்தபோது, 1879-ஆம் ஆண்டு வகுப்பினர் சேர்ந்து ஒரு லட்சம் டாலர் கொடுத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் இல்லினாய் பல்கலைக்கழகம் கட்டிய நினைவு அரங்கத்துக்கு மாணவர்களும் பழைய மாணவர்களும் நிதி திரட்டினார்கள். போரில் இறந்தவர்களின் பெயர்கள் அதன் தூண்களில் பொறிக்கப்பட்டன. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது 1927-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் செய்த ஏற்பாடு. அங்கே விளையாட்டுத் துறைக்குத் தலைவராயிருந்த ஃபீல்டிங் யோஸ்ட், தலா 500 டாலர் முகமதிப்பில் 3,000 கடன் பத்திரங்களை மூன்று சதவீத வட்டிக்கு விற்றார். பத்திரம் வாங்கியவருக்கு மைதானத்தின் நடுப்பகுதிக்கு நேரெதிரே டிக்கெட் வாங்கும் உரிமை பத்தாண்டுகளுக்கு உண்டு. பணம் போட்டவர்தான் அரங்கில் உட்கார்ந்தார். கடன் திரும்பி வராவிட்டால் நஷ்டமும் அவருக்குத்தான். ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் டாலரில் கட்டப்பட்ட அந்த அரங்கம் இன்று ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். கடன் கேட்டு வருபவரின் திட்ட அறிக்கை இவ்வளவு தெளிவாக இருந்தால் நான் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அதே யோசனையைப் பெரிதாக்கிப் பார்த்த பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கதை வேறு விதமாக முடிந்தது. 1923-இல் திறக்கப்பட்ட அதன் அரங்கம் ஹேவர்டு நிலப்பிளவின் மேலேயே அமர்ந்திருக்கிறது. பூகம்பம் வந்தால் மைதானமே இரண்டாகப் பிரியக்கூடும். எனவே அதை வலுப்படுத்திப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அந்த வேலைக்கு மட்டும் 32 கோடியே 10 லட்சம் டாலர் ஆயிற்று. இந்தப் பணத்துக்காக ஏறத்தாழ மூவாயிரம் நல்ல இருக்கைகளின் உரிமையைப் பல பத்தாண்டுகளுக்கு விற்பது என்று முடிவு செய்தார்கள். விலை 40,000 டாலரில் தொடங்கி, நடு வரிசைகளுக்கு இரண்டு லட்சத்தையும் தாண்டியது; தவணையிலும் செலுத்தலாம். கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் பொருளாதாரம் சரிந்திருந்த நேரத்தில் விற்பனை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, அணியும் தோற்றுக்கொண்டிருந்தது. 2012-இல் அரங்கம் திறந்தாயிற்று, கடன் அடைபடாமல் நிலுவையில் நின்றது. அதன் கடைசித் தவணை 22-ஆம் நூற்றாண்டில்தான் முடியும். விளையாட்டுத் துறையால் சுமக்க முடியாததால் அந்தக் கடனில் பெரும் பகுதியைப் பின்னர் பல்கலைக்கழகத்தின் மைய நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. நன்கொடை தருவதாகச் சொன்ன வாக்கும் கைக்கு வந்த ரொக்கமும் ஒன்றில்லை என்பதை வங்கியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும் ஏறக்குறைய இதுவே நடந்தது. ஃபோர்ட் காலின்ஸ் ஊரில் வளாகத்துக்குள்ளேயே புதிய அரங்கம் வேண்டும் என்று 2012-இல் பேச்சு எழுந்தபோது, செலவில் பாதி நன்கொடையாக வரும் என்றார்கள். நன்கொடை அந்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் திட்டம் நிற்கவில்லை. வருவாயை ஈடாகக் காட்டிக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு, ஏறத்தாழ 22 கோடி டாலரில் 2017-இல் அரங்கம் எழுந்தது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இரண்டு கோடி டாலர் கொடுத்த ஒருவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லி, மைதானத்துக்குப் பழைய பயிற்சியாளர் சன்னி லூபிக்கின் பெயரைச் சூட்டச் செய்தார். மறு ஆண்டே அரங்கத்தின் பெயர் ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பதினைந்து ஆண்டுகளில் 3 கோடியே 77 லட்சம் டாலர் என்ற பேச்சில் விற்கப்பட்டது.

பெயரை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாணவர் பையிலிருந்து எடுப்பதைவிட அது மேல். அது நிலையில்லாதது என்பதை மட்டும் மறக்கக் கூடாது: மினசோட்டா பல்கலைக்கழக அரங்கத்துக்கு 25 ஆண்டுகளில் மூன்றரைக் கோடி டாலர் தருவதாகப் பெயர் பதித்த டிசிஎஃப் வங்கி, 2021-இல் ஹண்டிங்டன் வங்கியோடு இணைந்தது, பலகையும் மாறிவிட்டது. வங்கி இணைப்பில் ஒரே இரவில் பெயர்ப்பலகை மாறுவதை எங்கள் கிளையிலும் பார்த்தவன் நான்.

கட்டுரையாளர் 'அரசிடம் கையேந்தாமல்' என்றாரே, அதற்கு இந்த மினசோட்டா அரங்கமே பதில். 2009-இல் திறக்கப்பட்ட அதன் செலவு 28 கோடியே 85 லட்சம் டாலர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மாநில அரசுடையது. அரசு அதை ஒரே தடவையில் கொடுக்காமல், ஆண்டுக்கு 1 கோடியே 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வீதம் 25 ஆண்டுகள் வரை தருவதாகச் சட்டம் இயற்றியது. பதிலுக்குப் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த 2,840 ஏக்கர் நிலத்தை அரசுக்கு மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. மாணவர்களும் ஆண்டுக்கு 25 டாலர் கட்டினார்கள். முதலில் பேசப்பட்டது இதைவிடப் பெரிய தொகை. எதிர்ப்பு எழுந்ததால் குறைத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். யார் எவ்வளவு தருகிறார்கள், எத்தனை ஆண்டுகள் தருகிறார்கள் என்பது சட்டமன்றத்தில் பேசி எழுதப்பட்டது.

வெளியே தெரியாமல் போகும் அரசுப் பணம்தான் எனக்கு உறுத்துகிறது. பல்கலைக்கழகங்கள் வெளியிடும் இத்தகைய கடன் பத்திரங்களின் வட்டிக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரி கிடையாது. அதனால்தான் முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கு இணங்குகிறார்கள், அந்த வித்தியாசத்தை அரசின் கஜானா தாங்குகிறது. இன்னொன்று நம்மூரில் யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல இருக்கைக்கு டிக்கெட் வாங்கும் உரிமையைப் பெறுவதற்காகக் கல்லூரிக்குக் கொடுக்கும் தொகையில் 80 சதவீதத்தை தர்ம காரியத்துக்குக் கொடுத்த நன்கொடையாகக் காட்டி வரிச்சலுகை பெறலாம் என்ற விதி அங்கே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தது. 2017-இல் நிறைவேறிய வரிச் சட்டம்தான் அதை நீக்கியது. நம் வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைச் சலுகையில் கோயில் திருப்பணிக்குக் கொடுத்துவிட்டு, திருவிழா நாளில் முன்வரிசை நாற்காலியையும் வாங்கிக்கொள்வதைப் போன்றது அது.

ஒரே குடும்பம் பெருந்தொகை கொடுத்துக் கட்டுவது இன்னொரு வழி. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு 2021-இல் ரையன் குடும்பத்தினர் 48 கோடி டாலர் அறிவித்தார்கள், அரங்கத்துக்கும் வேறு பணிகளுக்குமாக. 2026 பருவத்தைக் குறிவைத்துத் திட்டமிடப்பட்ட அந்த அரங்கத்தின் மதிப்பீடு 85 கோடி டாலரையும் தாண்டிவிட்டது, பழைய 47,000 இருக்கைகளுக்குப் பதிலாக 35,000 மட்டுமே. இருக்கை குறைவது தவறில்லை. காலியாகக் கிடக்கும் மேல்தட்டு இருக்கைகளுக்கு வட்டி கட்டுவதைவிட நிரம்பும் அரங்கமே நல்லது. ஆனால் அங்கேயும் வருமானம் போதாதென்று ஆண்டுக்கு ஆறு இசை நிகழ்ச்சிகள் வரை நடத்த அனுமதி கேட்டார்கள். சுற்றி வீடுகள் உள்ள எவன்ஸ்டன் நகரில் பெரும் சச்சரவு எழுந்து, 2023 நவம்பரில் நகர்மன்றம் சரிபாதியாகப் பிரிந்து நிற்க, மேயரின் ஒரு வாக்கில்தான் அனுமதி கிடைத்தது. கல்லூரி அணி ஆண்டுக்கு ஆறு அல்லது ஏழு முறைதான் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. மற்ற நாட்களில் அரங்கம் என்ன சம்பாதிக்கும் என்ற கேள்விக்கு விடை இல்லாமல் எந்தக் கணக்கும் நேராகாது. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம் இதில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. ஏறத்தாழ 31 கோடி டாலரில் 2022-இல் திறந்த அரங்கத்தில் தொழில்முறைப் பெண்கள் கால்பந்து அணிக்கும், இப்போது ஆண்கள் கால்பந்து அணிக்கும் இடம் கொடுத்து வருமானம் பெறுகிறது.

இத்தனை வழிகளிலும் நான் தேடியது ஒன்றைத்தான்: அணி தோற்று, இருக்கை காலியாகி, நன்கொடையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆண்டில் தவணையைக் கட்டப்போவது யார்? எங்கள் தொழிலில் அவருக்கு ஜாமீன்தாரர் என்று பெயர், அவருடைய கையெழுத்து இல்லாமல் கடன் கொடுக்க முடியாது. பல பல்கலைக்கழகங்கள் அரங்கக் கடனுக்குத் தங்கள் பொது வருவாயை ஈடாக வைக்கின்றன. மாணவர் செலுத்தும் கட்டணமும் அதில் சேரும். அப்படியானால் அரங்கத்துக்கு ஜாமீன்தாரர் மாணவர்தான். அவரை யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 2012-இல் மாணவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே கட்டணத்தைப் பருவத்துக்கு 45 டாலர் கூடுதலாக உயர்த்தியது. அங்கும் இன்று வாக்களித்தவர் நாளை பட்டம் பெற்றுப் போய்விடுவார், கட்டப்போவது இன்னும் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்ற குறை இருக்கிறது. இருந்தாலும் கேட்டார்களே, அதுவே பெரிது.

எனவே புதிய அரங்கத்துக்கு யாராவது என்னிடம் கடன் விண்ணப்பம் கொண்டுவந்தால், இப்படித்தான் குறிப்பு எழுதுவேன். நன்கொடையில் பெரும் பகுதி ரொக்கமாகக் கணக்கில் ஏறிய பிறகே அடிக்கல். நல்ல இருக்கையில் உட்காருபவரும் சொகுசு அறை எடுப்பவரும் மிச்சிகனில் செய்ததுபோல் கடன் பத்திரத்தையும் வாங்கட்டும். மாணவர் கட்டணம் தேவைப்பட்டால் அவர்களிடம் வாக்குக் கேட்டு, ரசீதில் தனி வரியாகக் காட்டி, முடியும் ஆண்டையும் அதே வரியில் அச்சிட வேண்டும். 2025 ஜூலை முதல், ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கே, முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, நேரடியாகப் பங்கு கொடுக்கலாம் என்றாகிவிட்டது. இதுவரை உபரி என்று காட்டப்பட்ட தொகை பல இடங்களில் அதற்கே போய்விடும், புதிய அரங்கத்தின் தவணைக்கு என்ன மிஞ்சும் என்று கடன் அதிகாரி கேட்டே தீர வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஆண்டுதோறும் அங்கே படிக்கப் போகிறார்கள், பெற்றோர் வீட்டை அடகுவைத்து அனுப்புகிறார்கள். இந்தக் கட்டணப் பட்டியல்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் படிப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கடன் தொகையைக் குறிப்பதுதான் நம் வழக்கம். கல்விக் கடன் விண்ணப்பங்கள் குவியும் கோடைக்கு முன், அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது, எந்த வரி எதற்குப் போகிறது என்று தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன். மகனுடைய பழைய ரசீது என்னிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரை மறைத்து அனுப்பத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.