மூன்றடிக் கல்லும் திருவாதிரையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரபலங்களின் பெயர் பொறித்து ஹாலிவுட் நடைபாதையில் பதித்திருக்கும் நட்சத்திரக் கற்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாருக்கெல்லாம் கல் பதித்திருக்கிறார்கள் என்ற பட்டியல் சரி. மைசூர்ப் பக்கம் பிறந்த யானைப்பாகன் மகன், ஹாலிவுட் நடிகர் சாபுவுக்கு 1960-லேயே அங்கே கல் பதித்துவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆனால் என் குறை வேறு. சூரியனைத் தவிர்த்து, வானத்து நட்சத்திரம் ஒன்றின் அளவை மனிதன் முதன்முதலாக அளந்ததும் அந்த ஊர்ப் பக்கம்தான். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஜனவரி சாயங்காலம் அந்தத் தெருவில் நடந்தோம். நம் பழைய வீடுகளில் போடும் மொசைக் தரை மாதிரிதான் இருக்கிறது. கருஞ்சாம்பல் நிறத்தில் மூன்றடிச் சதுரம், நடுவில் இளஞ்சிவப்பு நட்சத்திரம், சுற்றிலும் பித்தளை விளிம்பு. எழுத்தை மிதிக்கக் கூடாது என்று என் மனைவி பாண்டி ஆடுகிற குழந்தை மாதிரி கட்டம் கட்டமாகத் தாண்டிக்கொண்டே வந்தாள். மகளுக்கு ஒரே வெட்கம். குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் இதையேதான் சொன்னார்: நபியின் பெயரைத் தாங்கியவன் நான், அதை யாரும் மிதிக்கக் கூடாது. அதனால் அவருடைய நட்சத்திரத்தை மட்டும் தரையில் பதிக்காமல், இப்போது டால்பி தியேட்டர் என்று சொல்லும் கட்டடத்தின் சுவரில் பதித்திருக்கிறார்கள். அதைக் காட்டிய பிறகுதான் மகள் சமாதானமானாள்.

அங்கே எல்லாருக்கும் ஒரே அளவுதான். சார்லி சாப்ளினுக்கும் மூன்றடி, மிக்கி மவுஸுக்கும் மூன்றடி. வானத்தில் அந்தச் சமத்துவம் கிடையாது. சூரியனையே அந்த மூன்றடிக் கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பூமி ஒரு கொண்டைக்கடலை. சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா செந்தாரி உரித்த தேங்காய் அளவுதான் வரும். நாம் ரோகிணி என்று சொல்வது சுமார் 40 மீட்டர். திருவாதிரைக்குக் கல் பதிக்க வேண்டுமென்றால் அறுநூறு மீட்டருக்கு மேல் தெருவைப் பெயர்க்க வேண்டும்; கேட்டைக்கும் ஏறக்குறைய அதே கதி. இந்தப் பக்கம், பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு மிஞ்சும் இறுகிய கருவான நியூட்ரான் நட்சத்திரத்தைப் பாருங்கள். குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான், எடையோ சூரியனைவிட அதிகம். நம் கணக்கில் அது தலைமுடியின் தடிமன்கூட வராது.

அந்தத் திருவாதிரையைத்தான் அளந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடகிழக்கே மவுண்ட் வில்சன் மலை இருக்கிறது. அங்கிருந்த, 100 அங்குல அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கிதான் அன்றைக்கு உலகத்திலேயே பெரியது. அதன் தலைமாட்டில் 20 அடி நீள இரும்பு உத்திரம் ஒன்றைக் கட்டி, அதில் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். யோசனை இயற்பியலாளர் மைக்கல்சனுடையது, கருவியோடு மல்லாடியவர் வானியலாளர் பீஸ். தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு கண்ணாடிகளில் விழும் ஒளியை ஒன்றாகச் சேர்த்தால் மெல்லிய கோடுகள் தெரியும். கண்ணாடிகளை இன்னும் விலக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கோடுகள் மறைந்துவிடும். எவ்வளவு விலக்கியபோது மறைந்தன என்பதிலிருந்து நட்சத்திரத்தின் அளவு கிடைக்கும். 1920 டிசம்பர் 13 ராத்திரி கோடுகள் மறைந்தன. நம் ஊரில் மார்கழி பிறக்கும் தறுவாய். ஆருத்ரா தரிசனத்துக்கு உரிய நட்சத்திரம் குறுக்களவில் சூரியனைப்போல் சுமார் 300 மடங்கு என்று கணக்கு வந்தது. அது இருக்கும் தூரத்தை அன்று குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். இன்றைய கணக்கில் 700 மடங்குக்குப் பக்கம் வருகிறது. விளிம்பு எங்கே முடிகிறது என்றே சொல்ல முடியாத வாயுப் பொதி அது, ஆகவே எண் இன்னமும் ஆளுக்கு ஆள் மாறும்.

அப்புறம் கீழே நகரம் வளர்ந்தது, வெளிச்சமும் வளர்ந்தது. 1985-இல் அந்தத் தொலைநோக்கியை மூடியதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பத் திறந்தார்கள், அது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹாலிவுட்டும் வைன் தெருவும் சந்திக்கும் முனைகளில் நிலாவுக்குப் போன அப்போலோ 11 வீரர்களுக்கும் கல் உண்டு. நட்சத்திரம் அல்ல, வட்ட நிலா. என்ன பிரிவில் என்கிறீர்கள்? தொலைக்காட்சி!

வரும் மார்கழி இதழில் மவுண்ட் வில்சனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அன்றைக்கு அந்த முனையில் நின்று கிழக்கே அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு விளக்குக்கும் நடுவில் திருவாதிரை சிவப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர், நான் எந்த விளம்பரப் பலகையைப் பார்க்கிறேன் என்று அவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்