எலும்பு சிமெண்ட் செலுத்தும் கருவிகளைத் தேர்வு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மொரிஷியஸ் சுகாதார அமைச்சில் அறுவைக்கூடக் கருவிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பிலுள்ள பெரியோர்களுக்கு,

வணக்கம். 26 ஆண்டுகள் அறுவைக்கூடச் செவிலியாகப் பணிசெய்து ஓய்வுபெற்றவள் நான். எலும்புப்புரை நோயால் நொறுங்கிய முள்ளெலும்புக்குள் சிமெண்ட் செலுத்தும் சிகிச்சைகளில், அந்தச் சிமெண்டைக் குழைத்து மருத்துவர் கையில் கொடுப்பது பெரும்பாலும் என் வேலையாகவே இருந்தது. கரும்புத் தோட்டங்களில் குனிந்தே வாழ்நாளைக் கழித்த நம் பாட்டிமார் பலர், குளியலறையில் லேசாகச் சறுக்கியதற்கே எழ முடியாத வலியோடு வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இந்த மடலை எழுதுகிறேன்.

சிமெண்டைச் செலுத்தும் கருவிகளை ஒப்பிடும்போது விலையும் உத்தரவாதக் காலமும் முதலில் கண்ணில் படுவது இயல்பு. ஆனால், செலுத்துவதை மருத்துவர் நிறுத்திய கணத்தில் சிமெண்டும் நிற்கிறதா என்பதையே நீங்கள் முதலில் கேட்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

1 மில்லிலிட்டர் சிரிஞ்சு பார்ப்பதற்கு எளியது. அதன் துளை சிறியதாக இருப்பதால், கட்டைவிரலின் அதே பலம் பெரிய சிரிஞ்சில் தருவதைவிட அதில் அதிக அழுத்தம் தருகிறது. எலும்பு எதிர்த்துத் தள்ளுவதை விரல் உடனே உணர்கிறது. விரலை எடுத்தால் ஓட்டமும் ஏறக்குறைய அப்போதே அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு முள்ளெலும்புக்கே பல சிரிஞ்சுகள் தேவைப்படுகின்றன. மாற்றி மாற்றிப் பொருத்துவதற்குள் சிமெண்ட் பற்பசைப் பதத்தைத் தாண்டி இறுகத் தொடங்கிவிடும். மருத்துவரின் கையும் எக்ஸ்ரே கதிரின் அருகிலேயே இருக்கிறது.

திருகிச் செலுத்தும் கருவி இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. ஒரே கொள்கலத்தில் முழு அளவும் அடங்கும். கெட்டியான சிமெண்டையும் அது தள்ளும். நீண்ட குழாய் வைத்த வகைகளில் மருத்துவர் விலகி நிற்கலாம். கதிரின் மூலத்திலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் மேலே படும் அளவு சுமார் நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால், நாள்தோறும் அங்கே நிற்பவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. ஆயினும் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் தேங்குகிறது. ஒருமுறை மருத்துவர் திருகுவதை நிறுத்திய பின்பும், எக்ஸ்ரே திரையில் சிமெண்டின் கருநிழல் முள்ளெலும்பின் பின்சுவரை நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்ததைக் கண்டேன். அவர் பதறாமல் எதிர்த்திசையில் திருகி அழுத்தத்தை விடுவித்ததால் அந்த அம்மாவுக்குத் தீங்கு நேரவில்லை. அந்தச் சுவருக்கு அப்பால் தண்டுவடம் இருக்கிறது. பக்கத்து நாளங்களில் நுழைந்தால் சிமெண்ட் நுரையீரல்வரை போகலாம். கசிவுகளில் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தொந்தரவு தரும் ஒன்று ஒருவரின் கால்களையே முடக்கிவிடக்கூடும்.

முள்ளெலும்புக்குள் பலூனால் குழி உண்டாக்கிய பிறகு தண்டால் தள்ளி நிரப்பும் குழல்கள் தனி வகை. அவற்றில் கெட்டியான சிமெண்டைக் குறைந்த அழுத்தத்தில் வைக்கலாம். செலவோ மிக அதிகம்.

ஆகவே எந்தக் கருவியையும் அதற்குரிய சிமெண்டோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். கெட்டித்தன்மை மிகுந்த சிமெண்டில் கசிவு குறைகிறது; அதைத் தள்ளப் போதிய பலம் கருவிக்கு இல்லையென்றால் அந்தப் பயன் கிட்டாது. வெப்பம் கூடினால் சிமெண்ட் விரைவில் இறுகும். குளிரான நாட்டில் அளந்த நேரம், நமக்குக் கோடையான ஜனவரி மாதத்தில் பொருள்கள் காத்திருக்கும் கிடங்கின் சூட்டில் பொருந்தாது.

இந்தச் சிகிச்சையே எல்லோருக்கும் வேண்டியதன்று என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 1984-இல் பிரான்சின் ஆமியான் நகரில் காலிபேர், தெராமோன் என்ற மருத்துவர்கள் இதைத் தொடங்கியபோது, இரத்த நாளக்கட்டி அரித்த ஒரு கழுத்து முள்ளெலும்பைத் தாங்குவதே நோக்கமாக இருந்தது. எலும்புப்புரை முறிவுகளில் இது, சிமெண்ட் செலுத்தாமல் செலுத்துவதுபோல் மட்டும் செய்துகாட்டும் போலிச் சிகிச்சையைவிட மேலானதாகத் தெரியவில்லை என்று 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் கூறின. ஆறு வாரத்துக்குள்ளான, கடும் வலியுள்ள முறிவுகளில் பயன் உண்டு என்று 2016-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு கூறியது. 2018-இல் வந்த நெதர்லாந்து ஆய்வு மறுபடியும் ஐயத்தை எழுப்பியது. கருவி வாங்கிவிட்டோம் என்பதற்காக நோயாளிகளைத் தேடும் நிலை வரக் கூடாது. இந்த ஐயத்தையும் நோயாளிக்கு அவர் வீட்டில் பேசும் கிரியோலில் எடுத்துச் சொல்லி, அதன் பிறகே ஒப்புதல் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் எழுதுமுன் போட்டியிலுள்ள கருவிகளை மாதிரி எலும்புகளில், நம் அறுவைக்கூட வெப்பநிலையில், அவற்றைக் கையாளப்போகும் மருத்துவர்களும் செவிலியரும் எக்ஸ்ரே பணியாளர்களும் சோதித்துப் பார்க்க வையுங்கள். கையை நிறுத்திய பின் எத்தனை நொடி ஓட்டம் தொடர்கிறது என்பதை மதிப்பீட்டுத் தாளில் எழுதுங்கள். வாங்கிய பின் ஒவ்வொரு கசிவையும், நோயாளிக்குத் தொந்தரவு தராததையும்கூட, பதிவேட்டில் குறியுங்கள். அந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். அழைத்தால் சிமெண்டைக் குழைத்துத் தர நானும் வருகிறேன்.

பணிவுடன்,
ஓய்வுபெற்ற அறுவைக்கூடச் செவிலி,
ரோஸ் ஹில்