கால் எட்டுமா என்பதை சீட் உயரம் மட்டும் சொல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய பைக்குகளைப் பற்றி வந்த கட்டுரையில், உயரம் குறைந்தவர்களுக்கென்று ஒரே ஒரு வரிதான் இருந்தது: 5 அடி 5 அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் சீட் உயரம் 780 மி.மீ.யைத் தாண்டாத வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று. ஷோரூமில் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். இந்தக் கணக்கை நம்பிச் சிலர் தமக்கு நன்றாகப் பொருந்தும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் தாழ்வான வண்டி என்று வாங்கிவந்து, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பின்னால் தள்ள முடியாமல் கீழே போடுகிறார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் இரண்டு ராயல் என்ஃபீல்டு வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். சூப்பர் மீட்டியோர் 650 வண்டியின் சீட் 740 மி.மீ. உயரம், எடை 241 கிலோ. ஹிமாலயன் 450 வண்டியின் சீட் 825 மி.மீ.; எடை 196 கிலோ. கட்டுரையின் கணக்குப்படி முதலாவது குட்டையானவருக்கு உகந்தது, இரண்டாவது ஆகாதது. முதல் வண்டியில் இரண்டு பாதமும் பதியும், உண்மைதான். ஆனால் லேசான சரிவில் முன்சக்கரம் தாழ நின்றுவிட்டால், 55 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த 241 கிலோவை உட்கார்ந்தபடி பின்னுக்கு எடுப்பது பெரும்பாடு. ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் குட்டைக் கால் நீட்டியபடியே கிடக்கும். பள்ளத்தில் விழும் அடியைக் காலில் வாங்க வழியில்லாமல் இடுப்பு வாங்கும். இரண்டாவதில் முன்பாதம்தான் பதியும். ஆனால் 45 கிலோ குறைவு. எது வசதி என்பது ஆளையும் அவர் போகும் சாலையையும் பொறுத்தது.

விளம்பரத்தில் போடும் சீட் உயரம் பொதுவாக ஆள் ஏறாத வண்டியில் அளந்தது. ஹிமாலயன் 450 வண்டியில் பின் சஸ்பென்ஷன் 200 மி.மீ. வரை வேலை செய்யும். ஆள் உட்கார்ந்ததுமே கணிசமாக இறங்கிவிடும். சூப்பர் மீட்டியோரில் அது 101 மி.மீ.தான், இறக்கமும் குறைவு. ஆகவே காகிதத்தில் 85 மி.மீ. இருக்கும் வித்தியாசம் ஆள் ஏறியபின் அவ்வளவாக இருக்காது.

அடுத்தது அகலம். ஒரே உயரமுள்ள இரண்டு சீட்டில், முன்பகுதி குறுகலானதில் பாதம் பதியும், அகலமானதில் நுனிவிரல்தான் தொடும். கால் தொடையிலிருந்து நேராக இறங்குவதில்லை, சீட்டின் விளிம்பைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. பிஎம்டபிள்யூ நிறுவனம் சீட் உயரத்தோடு இந்த வளைவு நீளத்தையும் தன் விவரப் பட்டியலில் கொடுக்கிறது. மற்ற வண்டிகளில் நாமே அளக்கலாம். ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள, பாதம் ஊன்றும் இடத்தில் நூலின் ஒரு முனையைத் தரையில் வைத்து, நாம் உட்காரும் இடத்தில் சீட்டின் மேலாக வளைத்து, மறுபக்கத் தரை வரை இறக்க வேண்டும். (தையல் டேப் 150 செ.மீ.தான் இருக்கும், எட்டாது; அதனால்தான் நூல்.) நூலின் நீளத்தில் பாதியை எடுத்து, அதை நம் உட்கால் அளவோடு ஒப்பிட வேண்டும்.

உட்கால் அளவு என்பது பேன்ட் தைக்கும்போது எடுக்கும் அளவு அல்ல. அது குறைத்துத்தான் காட்டும். வண்டி ஓட்டும்போது போடும் பூட்ஸோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் நன்றாக மேலே அழுத்தி, அதன் மேல்விளிம்பு சுவரில் எங்கே வருகிறதோ அங்கே குறித்து, தரையிலிருந்து அளக்க வேண்டும். நூலின் பாதி நீளம் இந்த அளவைவிட 5 செ.மீ. வரை அதிகமாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நின்றாலே அந்த 5 செ.மீ. கிடைத்துவிடும், சஸ்பென்ஷன் இறங்குவது அதற்கு மேல் லாபம். வித்தியாசம் 8, 9 செ.மீ. என்றால் இரண்டு பக்கமும் நுனிவிரல்தான் தொடும். அப்போது ஒரு பக்கமாக இடுப்பை நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றப் பழக வேண்டும், வண்டியும் எடை குறைந்ததாக இருக்க வேண்டும். 835 மி.மீ. உயரமுள்ள சுஸூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167 கிலோதான் என்பதால் பலருக்குச் சரிவருவது இதனால்தான்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 200 கிலோ வண்டி, அதன் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நின்றபடி 10 டிகிரி சாய்ந்தால், ஹேண்டில்பார் உயரத்தில் சுமார் 18 கிலோ தாங்க வேண்டும். 20 டிகிரி சாய்ந்தால் 35 கிலோ. முதலாவதைப் பிடித்துவிடலாம். இரண்டாவதைப் பிடிக்கப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும், விட்டுவிடுவதே நல்லது. கால் எட்டாதவருக்கு நேரும் சிக்கல், கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி இந்த எல்லையைத் தாண்டிவிடுவது. டேங்க் நிறைய 17 லிட்டர் பெட்ரோல் என்றால் ஏறக்குறைய 12.5 கிலோ, அதுவும் உயரத்தில். ஷோரூம் டெஸ்ட் வண்டியில் பெரும்பாலும் டேங்க் அடியில்தான் பெட்ரோல் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

இனி, வண்டியைத் தாழ்த்துவது. இதில்தான் அதிகம் பேர் காசைக் கொட்டிக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பின் ஷாக்கின் (அதிர்வுதாங்கியின்) ஸ்பிரிங் இறுக்கம். உயரம் குறைந்தவர்கள் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். கம்பெனி வைத்து அனுப்பும் இறுக்கம் அவர்களைவிடக் கனமானவருக்கு ஏற்றது. ஆகவே இவர்கள் ஏறினால் வண்டி இறங்க வேண்டிய அளவுக்கு இறங்காது. ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் பின்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்துகொண்டு, பிறகு ஆள் உட்கார்ந்தபின் அதே இடத்தில் அளந்தால், மொத்த சஸ்பென்ஷன் ஓட்டத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். 200 மி.மீ. ஓட்டம் என்றால் 60 மி.மீ. நாற்பதுதான் இறங்குகிறது என்றால் இறுக்கத்தைத் தளர்த்தி 15, 20 மி.மீ. பெறலாம். செலவு ஒரு ஸ்பேனர். பக்கவாட்டுப் பெட்டிகளோடும் பின்னால் ஆளோடும் போகும்போது மறுபடி இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தடையில் ஷாக் அடிவரை போய் இடிக்கும்.

இரண்டாவது சீட். ஹிமாலயன் 450 வண்டிக்குக் கம்பெனியே 805 மி.மீ. தாழ்ந்த சீட் விற்கிறது. அப்படிக் கிடைக்காத வண்டிக்கு சீட் தைப்பவரிடம் ஃபோமைக் குறைக்கச் சொல்லும்போது பெரும்பாலானோர் மேலேயிருந்து சீவச் சொல்கிறார்கள். பக்கவாட்டில், தொடை படும் முன் முனைகளைச் சீவுவதுதான் முதல் வேலை. உயரம் அப்படியே இருக்க, கால் நேராக இறங்கும். மேலே 20 மி.மீ.க்கு மேல் எடுத்தால், ஃபோம் மெலிந்து, 100 கிலோமீட்டர் தாண்டியதும் அடியிலுள்ள பிளாஸ்டிக் தட்டு இடுப்பெலும்பில் படும். முழங்காலும் அதிகம் மடங்கும். கம்பெனி சீட்டின் ஃபோமை வெட்டுவதற்கு முன் இன்னொரு சீட் வாங்கி வைத்துக்கொண்டு அதில் வேலை செய்வது உத்தமம்; பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவதும் கடைசியுமாகத்தான் லோயரிங் லிங்க். பின் ஷாக்கோடு இணைந்த லிங்க் என்ற இணைப்புப் பட்டையை நீளமானதாக மாற்றினால் பின்பக்கம் 25, 30 மி.மீ. இறங்கும். எல்லா வண்டியிலும் இது நடக்காது. முந்தைய கேடிஎம் 390 அட்வென்ச்சர் வண்டியில் ஷாக் நேராக ஸ்விங்ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கையில்) மாட்டப்பட்டது. மாற்ற லிங்க்கே கிடையாது. லிங்க் உள்ள வண்டியிலும் பின்னால் மட்டும் இறக்கிவிட்டு நிறுத்தினால் முன்ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் குழாய்) படுத்துவிடும். நேர்சாலையில் தெரியாது, கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். எனவே முன்னாலும் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே தள்ள வேண்டும். ஒரு தடவைக்கு 5 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே அளவு. தள்ளியபின் ஃபோர்க்கை முழுதாக அமுக்கிப் பார்த்து, டயரோ மட்கார்டோ ரேடியேட்டரிலும் கீழ்க் கிளாம்பிலும் இடிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

அதோடு முடியாது. வண்டி இறங்கியதும் சைடு ஸ்டாண்ட் நீளமாகிவிடும். வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும். பக்கத்தில் ஒரு லாரி போனாலே வலப்பக்கம் சாயும். ஸ்டாண்டை வெட்டிக் குறைத்து வெல்டிங் வைப்பவர்கள் உண்டு. அடிப்பாதத் தகட்டின் கோணத்தை மாற்றாமல் வெட்டினால், தார்ச் சாலையில் வெயில் நேரத்தில் ஒரு முனை மட்டும் புதைந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் போட இருவர் வேண்டியிருக்கும். செயின் தொய்வை மறுபடி பார்க்க வேண்டும்: முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும், அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு இருக்க வேண்டும். முன்பக்கத்தை இறக்காமல் விட்டிருந்தால் ஹெட்லைட் மேலே தூக்கி அடித்து எதிரில் வருபவர் திட்டுவார்.

தரையிடைவெளி வேறு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட முதுகு வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. அப்படி இருந்தால் எந்த வண்டிக்கும் அடிபடாது. நம் ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடப்படும் ஒரு முழ அகலக் கட்டைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தாழ்த்திய வண்டியின் என்ஜின் காப்புத் தகடு அதில்தான் உரசும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கம்பெனி விற்கும் தாழ்ந்த சீட்டுக்கும் வெளியில் வாங்கும் லிங்க்குக்கும் வித்தியாசம் உண்டு. லிங்க் மாட்டுவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹேண்டில்பாரைக் கடைசிவரை திருப்பும்போது வெளிப்பக்கக் கை முழுதாக நீண்டு, விரல் கிளட்ச் லீவரை விட்டு நழுவினால் யு-டர்னில் விழுவது நிச்சயம். பாரை 20 மி.மீ. பின்னுக்குக் கொண்டுவரும் ரைசர் போதும். மாட்டியபின் இருபுறமும் திருப்பி கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடவில்லையா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தடுப்பின் மேல்விளிம்பு மூக்கு மட்டத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. மழையில் அதன் வழியாகப் பார்த்து ஓட்ட முடியாது.

நம் சாலைகளுக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் வடிய சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கம் போவதால் தாழ்ந்த பக்கம் எப்போதும் இடது கால் பக்கம். வலது கால் பின் பிரேக்கில் இருக்க, ஊன்றும் காலுக்குத்தான் தரை தூரம். மலையில் இது இன்னும் மோசம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், இடப்பக்கம் திரும்பும் ஒன்றின் நடுவில் மேலிருந்து பஸ் இறங்குவதைப் பார்த்து நின்றால், உட்பக்கச் சரிவில் இடது காலுக்குத் தரையே கிடைக்காது. ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி இருந்தாலும், குட்டையானவர் வளைவுக்கு முந்தைய நேர்ப்பகுதியிலேயே நின்று ஹாரன் அடித்து, பஸ் போனபின் ஏறுவதே புத்திசாலித்தனம். ஒருக்களித்து உட்காரும் பின்சீட்காரர் இடப்பக்கம் கனத்தைச் சாய்ப்பார். நுனிவிரலில் நிற்பவர் அவரை ஏற்றும்போது முன்பிரேக்கைப் பிடித்து, வண்டியைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். நிறுத்தும்போது சுவரைப் பார்த்து இறக்கத்தில் விடாமல், கீழே இறங்கி நின்று வண்டியைத் திருப்பி, வாயில்பக்கம் முகம் வைத்து நிறுத்த வேண்டும்.

ஷோரூமில் என்ன செய்வது? பூட்ஸோடு போங்கள். ஏறி உட்கார்ந்து கால் பார்ப்பதோடு விடாமல், சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள், கீழே நின்று 10 அடி பின்னுக்குத் தள்ளுங்கள், வாசலில் உள்ள சாய்தளத்தில் நிறுத்திப் பாருங்கள். ஷாக் இறுக்கத்தை உங்கள் எடைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கடை பாருங்கள். உட்கால் அளவு 73, 74 செ.மீ. உள்ள ஒருவர் முதல் பெரிய வண்டி வாங்குகிறார் என்றால், 765 மி.மீ. உயரமும் 191 கிலோ எடையும் 170 மி.மீ. தரையிடைவெளியும் கொண்ட மீட்டியோர் 350 அல்லது சீட் 735 மி.மீ., எடை 176 கிலோ உள்ள கவாசாகி எலிமினேட்டரில் தொடங்கலாம். மலைச்சாலையும் மண்சாலையும்தான் நோக்கம் என்றால் தாழ்ந்த சீட் போட்ட ஹிமாலயன் 450 அவருக்கு ஆகும் என்பதே என் கருத்து. 5 அடி 5 அங்குலம் என்ற ஒரு எண்ணை வைத்து இதை மறுக்க முடியாது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி வாகனப் பகுதியில் ஒரு வண்டியை மதிப்பிடும்போது, சீட் உயரத்தோடு முழு டேங்க் எடையையும், மேலே சொன்ன நூல் அளவையும், ஓட்டிப் பார்த்தவரின் உட்கால் அளவையும் எடையையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். அதற்கு ஒரு நூலும் ஐந்து நிமிடமும் போதும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகனப் பணிமனை நடத்தும் வாசகர்,
பொள்ளாச்சி